ஒரு சேலை குறைந்த திரை

முதலில் கேட்டது தையல் மெசின் சத்தம். கைப்பிடியைச் சுற்றி ஓட்டுகிற பழைய கைமெசின், எண்ணெய் காணாத பல் ஒன்று இடையிடையே கிறீச்சிட, கடகடவென்று ஓடி, நின்று, நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற நேரம் மட்டும் மௌனமாக இருந்துவிட்டுத் திரும்பவும் ஓடியது. திரையில் அப்போது ஒன்றுமே தெரியவில்லை. தாழைமுனைக் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்துக்குப் பின்னால், கருவாடு காயப்போடுகிற முற்றத்தில், பொழுது பட்டு இருளத் தொடங்குகிற மைம்மல் நேரத்தில் பாய் விரித்து இருந்த எங்கள் எல்லோருடைய தலையும் தவமலரின் பக்கம் திரும்பியது. அந்தக் கிறீச்சிடல் ஊருக்கே தெரிந்த கிறீச்சிடல். எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகளும் சாமத்தியச் சட்டைகளும் அந்தச் சத்தத்துக்குள்ளால்தான் வீடு வந்து சேர்ந்தன. ஆனால் தவமலர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"என்னடி மலர், உன்ரை மெசின் நீ இல்லாமலும் ஓடுதோ?" என்று பக்கத்து வீட்டுப் பிலோமினா கேட்டாள்.

"என்ரை மெசின் வீட்டிலை மூடிக் கிடக்கு" என்றாள் தவமலர், திரையைப் பார்த்தபடியே.

பிறகுதான் படம் வந்தது.

படக்காரப் பிள்ளை என்று நாங்கள் கூப்பிட்ட துஷ்யந்தி திருகோணமலையில் இருந்து வந்தவள். போர்க்காலத்தைப் பற்றிப் பெண்கள் சொல்வதைப் படம் எடுக்கவேண்டும் என்று கமராவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகத் திரிந்தாள். கிணற்றடியிலும் அடுப்படியிலும் அவள் கமராவை வைத்துவிட்டுக் காத்திருக்க, எங்கள் பெண்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "எல்லாரும் பட்டதைத்தான் பிள்ளை நாங்களும் பட்டம், புதுசாச் சொல்ல என்ன கிடக்கு" என்று தொடங்கி, மீன் விலைக்கும் மருமகளுக்கும் போய்ச் சேர்ந்து, கடைசியில் அவளுக்கு ஒரு கலியாணம் பேசுவதில் முடித்தார்கள். மாதக்கணக்காக அவள் எடுத்தது அவ்வளவும் அதுதான். சரி, எடுத்ததையாவது எடுத்தவர்களுக்குக் காட்டிவிட்டு ஊருக்குப் போவோம் என்று அவள் முற்றத்தில் கட்டிய வெள்ளைத் திரையை, அன்று மத்தியானமே எங்கள் சங்கத் தலைவரின் ஆடு தின்றுவிட்டது. கரையை மட்டும் கயிற்றில் மிச்சம் விட்டிருந்தது.

அப்போதுதான் பெண்கள் சேலைகளைக் கொண்டுவந்தார்கள்.

அந்தச் சேலைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். போரின் கடைசிக் காலத்தில், கடலுக்கும் களப்பு நீருக்கும் நடுவில் இருந்த அந்த மணல்துண்டில் நாங்கள் எல்லோரும் நெருக்கி அடைபட்டுக் கிடந்தபோது, செல்லுக்கு ஒளியப் பங்கர் வெட்டினால் மணல் சரிந்தது, மணலை நிறுத்தச் சாக்கு இருக்கவில்லை. பெண்கள் பெட்டியைத் திறந்து கட்டின சேலை, கட்டாத சேலை, கூறைச்சேலை எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார்கள். தலையில் மெசினைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக இடம்பெயர்ந்து வந்த தவமலர் அவற்றை எல்லாம் பையாகத் தைத்தாள். தைத்த பைகளில் மண் நிரப்பி, அதன் கீழ் நாங்கள் உயிரோடு இருந்தோம், மிஞ்சி இருந்தவர்கள். பிறகு முகாமில் கம்பிக்குப் பின்னால் இருந்த காலம் எல்லாம் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது, கக்கூசுக்குக் குழி வெட்டினாலும் வேலிக்குக் கதியால் நட்டாலும் மண்ணுக்குள் இருந்து பட்டும் நைலெக்ஸும் நிறம் போகாமல் வெளியே வந்தன. தாழைமுனையில் அந்தச் சேலைகளை யாரும் எறிவதில்லை, யாரும் உடுத்துவதும் இல்லை. மண்ணைக் கொட்டி, தோய்த்துக் காயவைத்து, பெட்டியின் அடியில் வைத்திருப்பார்கள்.

"சும்மா கிடக்கிறது படத்துக்காவது உதவட்டும்" என்று முதல் சேலையைக் கொண்டுவந்தது பிலோமினாதான். வெளிறலான மறுபக்கம் வெளியே வரும்படி தவமலர் அவற்றை ஒன்றோடொன்று மூட்டித் தைத்தாள். எல்லாம் சேர்த்தும் நடுவில் ஒரு சேலை அகலத்துக்குக் காணாமல் இருந்தது. "மலர், உன்ரை சிவப்பு?" என்று யாரோ கேட்டதற்கு, "என்னட்டை ஒண்டுமில்லை" என்று அவள் சொன்னாள். அந்தச் சிவப்புக் கூறைச்சேலையின் பாதி அவளுடைய கொடியில் காய்ந்ததைப் பிலோமினா கண்டிருக்கிறாள். ஆனாலும் பேசாமல் இருந்தாள். அப்படித்தான் எங்கள் திரை நடுவில் ஓட்டையோடு கட்டப்பட்டது. மீனுக்கு ஐஸ் போடுகிற வாடியின் ஜெனரேட்டரில் இருந்து வயர் இழுத்து, புரொஜெக்டரைப் போட்டபோது, வெளிச்சத்தில் ஒரு கீற்று அந்த ஓட்டைக்குள்ளால் தப்பிப் போய்க் கடலில் விழுந்து அலைந்துகொண்டிருந்தது.

வந்த படம் துஷ்யந்தி எடுத்த படம் அல்ல. அவள் மடிக்கணினியைப் பார்த்தாள், அதில் பிலோமினா மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். திரையைப் பார்த்தாள், அதில் ஒரு பங்கரின் வாசலும், மழை ஒழுகும் தறப்பாள் கூரையும், கஞ்சிக்கு நிற்கிற வரிசையும், அந்த வரிசையில் ஒடிந்துபோய் நின்ற இளமையான பிலோமினாவும். எங்களுக்கு அது பெரிய அதிசயமாகத் தெரியவில்லை. மண்ணுக்குள் அத்தனை காலம் கிடந்த சேலை, வெளிச்சம் பட்டால் கண்டதைச் சொல்லாமல் என்ன செய்யும் என்றுதான் நினைத்தோம். சங்கத் தலைவர் மட்டும், "ஆடு தின்ற திரையும் இப்ப ஆட்டுக்குள்ளை என்ன காட்டுதோ" என்றார்.

சேலை தான் கிடந்த இடத்தில் இருந்து தெரிந்ததை மட்டுமே காட்டியது. அதனால்தான் சண்டை வந்தது. திரையில் பிலோமினா வரிசையை இடித்துக்கொண்டு முன்னுக்குப் போய், வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தியின் கையில் இருந்த கஞ்சிச் சட்டியைப் பறித்தாள். பாயில் இருந்த பிலோமினா துள்ளி எழும்பினாள்.

"நிப்பாட்டுங்கோ! அது பறிக்கேல்லை. அவளுக்குக் கை சுட்டது, நான் வாங்கிப் பிடிச்சனான்."

திரைக்குள் கஞ்சி ஆவி பறந்தது.

"சரி, பறிச்சனான்தான்" என்றாள் பிலோமினா. "என்ரை கைப்பிள்ளை ஜெனிற்றாவுக்குக் குடுக்க அப்ப பால் வத்திப்போச்சு எனக்கு. பிறகு திரும்பிப் போய்ப் பாதியைக் குடுத்தனான். அதை ஏன் இந்தச் சேலை காட்டேல்லை? குடுக்கேக்கை அவள் என்ரை கையைப் பிடிச்சு, அக்கா நீங்களும் குடியுங்கோ எண்டவள். அடுத்தநாள் அவள் இல்லை. அவளின்ரை பேர் கூட எனக்குத் தெரியாது. எழுதிவை பிள்ளை, நான் பாதி குடுத்தனான்."

துஷ்யந்தி எழுதவில்லை, கமராவைத் திருப்பினாள். கேட்டபோது சொல்லாத பெண்கள் எல்லோரும், சேலை பிழையாகக் காட்டுகிறது என்று திருத்துவதற்காக எழும்பிப் பேசத் தொடங்கியது அன்றுதான்.

அதன் பிறகு ஒவ்வொரு மைம்மலும் படம் நடந்தது. கச்சான் கடலை விற்கிறவர் வந்தார், தேத்தண்ணிக் கேத்தில் வந்தது, அடுத்த ஊர்களில் இருந்தும் ட்ரக்டரில் ஏறி வந்தார்கள். "என்ரை சேலை ஏன் உன்ரை கதையைக் காட்டுது" என்று இரண்டு சகோதரிகள் தலைமயிரைப் பிடிக்கப் போய், பைகள் அப்போது மாறிப்போனது நினைவுக்கு வந்து, ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். மோட்டார்சைக்கிளில் விசாரிக்க வந்த புலனாய்வுக்காரர் இரண்டு பேருக்கு, திரை சாளைமீனை வகிர்ந்து உப்புப் போட்டுக் காயவைக்கிற முறையை மட்டும் காட்டியது. அவர்கள் கச்சான் தின்று, கோதை ஒழுங்காகப் பையில் போட்டுக்கொண்டு, கொட்டாவி விட்டபடி போனார்கள். "சேலைக்கும் ஆளைத் தெரியுது" என்றாள் பிலோமினா.

ஆனால் நடுவில் அந்த ஓட்டை இருந்தது. தண்ணீருக்கு ஓடுகிறவர்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள், எல்லோரும் திரையின் ஒரு பக்கத்தால் வந்து அந்த இடத்தில் இல்லாமல் போய் மற்றப் பக்கத்தால் வெளியே வந்தார்கள். சிலர் மற்றப் பக்கத்தால் வரவில்லை. அவர்கள் ஓட்டைக்குள்ளால் கடலுக்குப் போய்விட்டார்களா, அங்கேயே நிற்கிறார்களா என்று தெரியாமல் தாய்மார் பாயில் இருந்து எக்கி எக்கிப் பார்த்தார்கள். "அதை அடைச்சுவிடு மலர்" என்று கெஞ்சினார்கள். தவமலர் தலையை ஆட்டினாள், ஓம் என்றும் இல்லை என்றும் தெரியாத ஆட்டம்.

எந்தப் படத்துக்கும் பின்னால் அவளுடைய மெசின் ஓடிக்கொண்டே இருந்தது, எல்லாப் பைகளையும் தைத்தது அவள்தானே. அந்தச் சத்தத்துக்கு அடியில், கவனித்துக் கேட்டால், ஒரு கைக்குழந்தை அழுதது. அதை முதலில் கண்டுபிடித்தது அவளுடைய புருஷன் சத்தியசீலன்.

சத்தியசீலன் வள்ள எஞ்சின்கள் திருத்துகிறவன். தங்கள் கைப்பிள்ளைக்குப் பால்மா தேடி அந்த மணலில் பங்கரை விட்டுப் போனவன், திரும்பி வருகிற வழி அடைபட்டு, பிறகு தடுப்பு முகாமுக்குப் போய்விட்டான். கன காலத்துக்குப் பிறகு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை எங்கை?" பின்னால் ஆட்கள் இடிக்க, காவல்காரன் நேரம் முடிந்தது என்று கத்த, இந்தப் பக்கம் நின்ற தவமலர் கம்பியைப் பிடித்தபடி, "காயக்காரரை ஏத்தின கப்பலிலை ஒரு சிஸ்டரிட்டைக் குடுத்துவிட்டனான்" என்று சொன்னாள். விடுதலையாகி வந்த நாளில் இருந்து அவன் அந்தச் சிஸ்டரைத் தேடினான். எத்தனையோ கன்னியர் மடங்களுக்கும் பிள்ளைகள் இல்லங்களுக்கும் போனான். தேர் பார்க்கப் போனால் தேரைப் பார்க்காமல், அந்த வயதுப் பெண்பிள்ளைகளின் இடது காதுக்குப் பின்னால் தன் பிள்ளையின் மச்சம் இருக்கிறதா என்று பார்த்து, ஒருதரம் அடியும் வாங்கினான். வருசத்துக்கு ஒரு சட்டை தைத்து வைக்கச் சொன்னான். பிள்ளை வரும்போது போட ஒன்று வேண்டும் அல்லவா. தவமலர் ஒரே மாதத்தில் பிறந்த பிலோமினாவின் மகள் ஜெனிற்றாவைக் கூப்பிட்டு அளவெடுத்து, ஒவ்வொரு வருசமும் தைத்தாள். இதைத் தவிர அவன் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று, இடுப்பில் கட்டுகிற தன்னுடைய நீலச் சாரத்தை. இடம்பெயர்ந்து வரும்போது கொண்டுவந்த நல்ல சாரம், எங்கே போனது என்று இடைக்கிடை கேட்பான். "துலைஞ்சுபோச்சு" என்பாள்.

பிள்ளையின் படம் ஒன்றும் அவர்களிடம் இல்லை. அதனால் அவன் ஒவ்வொரு மைம்மலும் எல்லோருக்கும் முதல் வந்து, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்தான்.

"கேக்குதோ? அது என்ரை பிள்ளைதான். பசிக்கு அழுறது இது. நித்திரைக்கு எண்டால் வேறை மாதிரி" என்று வருகிற போகிறவர்களுக்கு எல்லாம் சொன்னான். ஒருநாள் ஓடிய படத்தில் மெசின் சத்தம் மட்டும் இருந்தது, அழுகை இல்லை. அவன் வெகுநேரம் காத்திருந்துவிட்டுத் தவமலரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "அப்ப நீ கப்பலிலை ஏத்திப்போட்டாய் போல."

அந்த வாரம் மன்னார்ப் பக்கம் இருந்து செய்தி வந்தது. ஒரு மடத்தில் அதே வயதுப் பிள்ளை, கப்பலில் வந்த பிள்ளை, காதுக்குப் பின்னால் மச்சம், தாய் தகப்பன் தெரியாது. சத்தியசீலன் தலைமயிர் வெட்டி, சவரம் எடுத்துக்கொண்டு வந்தான்.

"சிஸ்டரோடை கதைச்சிட்டன். உன்னைக் கூட்டிக்கொண்டு போக அப்பா வாறார் எண்டு பிள்ளைக்குச் சொல்லியாச்சாம். திங்கக்கிழமை போறன். இந்த வருசச் சட்டையை அதுக்குள்ளை முடிச்சுத் தா."

"முடிக்கிறன்" என்றாள் தவமலர்.

ஜெனிற்றா அளவு கொடுக்க வந்து கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். அளவெடுக்கிற இஞ்சித்தேப்பைப் பிள்ளையின் கழுத்தைச் சுற்றிப் போட்ட தவமலர் எண்ணைப் பார்க்காமல் அப்படியே நின்றதை, கூட வந்த பிலோமினா கண்டாள்.

"என்னடி?"

"அந்தப் பிள்ளைக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள்தானே அக்கா. கப்பலிலை குடுத்துவிட்டவள்."

"இருந்திருப்பாள்."

"தேடிக்கொண்டும் இருப்பாளோ?"

பிலோமினா மகளைப் பார்த்து, "நீ வெளியிலை போய் நில்" என்றாள். பிறகு ஒன்றும் கேட்காமல் தவமலரின் பெட்டியைத் திறந்து, அடியில் கையைவிட்டு, சிவப்புக் கூறையின் பாதியை எடுத்து அவளுடைய மடியில் வைத்தாள். தவமலர் அதைத் தள்ளவில்லை.

அடுத்தநாள் காலை, பட்டப்பகலில், தவமலர் மெசினைத் தலையில் சுமந்துகொண்டு முற்றத்துக்குப் போனாள். அந்தக் காலத்தில் சுமந்தது போலவே ஒரு கையால் பிடித்துக்கொண்டு போனாள். திரையை இறக்கி மணலில் விரித்து, நடுவில் இருந்து அந்தச் சிவப்பைப் பொருத்தித் தைத்தாள். கருவாடு கிளறிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு அந்தக் கிறீச்சிடலைக் கேட்டார்கள். துஷ்யந்தி வந்து பக்கத்தில் குந்தினாள்.

"அக்கா, கட்டாயமில்லை. ஓட்டையோடையே நான் படத்தை முடிப்பன்."

"நீ முடிப்பாய் தங்கச்சி. என்ரை அந்தாள் தேடுறதை முடிக்காது" என்றாள் தவமலர். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எனக்குச் சொல்ல வாய் வருகுதில்லை. நானும் எத்தினை தரம் தொடங்கினனான். இது சொல்லட்டும்."

அன்று மைம்மல், திரை முழுதாக நின்றது. கடலில் வெளிச்சம் விழவில்லை. ஸ்பீக்கரில் அழுகையும் இல்லை. சேலை, அடுக்கின மணல்பைகளின் மேலே கிடந்து கீழே பார்த்தபடி காட்டியது: குழிக்குள் தவமலர், மடியோடு அணைத்த மெசின், முன்னால் சிவப்புத் துணி. இன்னொரு பை தைக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் பைக்கு அது சின்னது. இரண்டு பக்கத்தை மூட்டினாள், தைத்த மடிப்பை நகத்தால் நீவிவிட்டாள், திரும்பவும் ஒருதரம் அதே தையலின் மேலே ஓட்டினாள், பிரியக்கூடாத துணிக்கு அடிக்கிற இரட்டைத் தையல். பிறகு பக்கத்தில் கிடந்ததைத் தூக்கினாள். தூக்கும்போது அந்தச் சின்னத் தலை ஒரு பக்கம் சரிந்தது, இடது காதுக்குப் பின்னால் இருந்த மச்சம் திரை முழுக்கத் தெரிந்தது. உள்ளே வைத்தாள். திறந்திருந்த பக்கத்தை மெசினில் கொடுக்காமல் ஊசியால், கையால், மெல்ல மெல்லத் தைத்தாள். மேலே இருந்து மணல் உதிர்ந்து விழ விழ, அதைத் தட்டித் தட்டித் தைத்து முடித்தாள். நூலைக் கடித்தாள். அதோடு சேலைக்குத் தெரிந்தது முடிந்துவிட்டது. காற்றுக்கு ஆடுகிற சேலைகள்தான் நின்றன, பச்சை, மஞ்சள், நடுவில் சிவப்பு.

ஒருவரும் எழும்பவில்லை. சங்கத் தலைவர் தலைத்துண்டை எடுத்து மடியில் வைத்தார். துஷ்யந்தி கமராவின் கண்ணை உள்ளங்கையால் மூடினாள், மற்றக் கையால் அதை நிறுத்தினாள்.

சத்தியசீலன் எழும்பித் திரைக்குக் கிட்டப் போய், சிவப்பை விரலால் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தான். தவமலரின் முன்னால் நின்றான். கத்துவான் என்று நினைத்தோம், அடித்தாலும் அடிப்பான் என்று பிலோமினா பாயில் இருந்து அரைவாசி எழும்பிவிட்டாள்.

"தலைக்கு என்ன வைச்சனீ?" என்று கேட்டான்.

தவமலர் வாயைத் திறந்தாள்.

"உங்கடை நீலச் சாரம்" என்றாள். "நாலா மடிச்சு. மண் குளிர்ந்தது."

அவன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். பிறகு கடற்கரைப் பக்கம் நடந்துபோனான்.

திரையை யாரும் பிரித்தெடுக்கவில்லை. இனி எது யாருடைய சேலை என்று பிரிக்க ஒருவருக்கும் மனம் வராமல், மடித்துச் சங்கக் கட்டடத்தில், புது வலைகள் வைக்கிற இடத்தில் வைத்தோம். துஷ்யந்தி பெண்களின் திருத்தங்களைக் கொண்டு தன் படத்தைச் செய்யப் போனாள். பாதிக் கஞ்சி குடித்தவளின் பேரை யாராவது அறிந்திருந்தால் சொல்லட்டும் என்று படத்தின் முடிவில் கேட்கவேண்டும் என்று பிலோமினா அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சத்தியசீலன் வீட்டுக்கு வந்தான். குளித்தான். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைத்தான். மெசினுக்குப் பக்கத்தில் அரைகுறையில் கிடந்த சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தான்.

"அந்தப் பிள்ளை நாளைக்கு வாசலைப் பாத்துக்கொண்டு நிக்கும்" என்றான். "ஆரோ வருகினம் எண்டு சொல்லிவைச்சாச்சு."

"போங்கோவன்."

"என்னெண்டு சொல்லிக்கொண்டு போறது?"

தவமலர் நூலை ஊசிக்குள் விட்டாள். "சட்டை குடுக்க வந்தனாங்கள் எண்டு சொல்லுவம்."

அவன் அவளுக்கு எதிரே சப்பாணி கட்டி இருந்தான். எஞ்சினுக்கு விடுகிற எண்ணெய்க் குப்பியை இடுப்பில் இருந்து எடுத்து, "இந்தப் பல்லுக்கு ஒரு சொட்டு விடட்டோ?" என்று கேட்டான். ஊரில் உள்ள எஞ்சினுக்கெல்லாம் எண்ணெய் விட்டவன், இவ்வளவு காலமும் இதற்கு விட்டதில்லை.

"இண்டைக்கு வேண்டாம்" என்றாள் அவள். "முதல் கீழ்க்கரையை மடிச்சு அடிப்பம். துணி வழுக்குது, எனக்கு ரெண்டு கையும் வேணும். நீங்கள் பிடியைச் சுத்துங்கோ."

அவன் குப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தான்.

"கெதியா வேண்டாம்" என்றாள். "மெல்ல."